கப்பலும் ஒரு தட்டு மொச்சையும்

சென்ற ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நமது பள்ளிக்கூடத்தின் வெளிச் சுவரில் ஓர் எட்டு முழ வேஷ்டியை விரித்து, நான்கு மூலைகளிலும் ஆணி அடித்தோம். வேஷ்டி நம்முடையதுதான். வீட்டில் முறைப்படி அனுமதி பெற்ற பிறகே ஆணி அடிக்கப்பட்டது என்பதையும் நேயர்கள் அறிந்துகொள்ள வேண்டும். எதிரே மண் தரையில் சுமார் அறுபது பிள்ளைகள். அவர்களுக்குப் பின்னால், என்னதான் நடக்கிறது பார்ப்போமே என்று வந்து நின்ற ஊர்ப் பெரியவர்கள் சிலர். நடுவே ஒரு பெஞ்சியின் மேல் படம் காட்டும் கருவி. காட்டப் போவது 1917-ஆம் வருஷம் ஜூன் மாதம் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஊமைப் படம். சார்லி சாப்ளின் எழுதி, இயக்கி, நடித்தது. 'தி இமிக்ரண்ட்' என்று பெயர். 'வந்து குடியேறியவன்' என்று நாம் தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்டோம். ஓடும் நேரம் ஏறக்குறைய இருபத்தைந்து நிமிஷம்.

நமது ஊர் பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் போகும் வழியில், சாலையை விட்டுச் சற்று உள்ளே ஒதுங்கிய கிராமம். பெரம்பலூர்ப் பக்கம் பார்த்தால் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். அரியலூர்ப் பக்கம் பார்த்தால் சுண்ணாம்புக் கல் வெட்டிய பள்ளங்களும், அந்தக் கல்லைத் தின்று புகை விடும் சிமெண்டு ஆலைகளும். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் இங்கே கடல் இருந்தது என்பதற்குச் சாட்சியாக, வயல் வரப்பிலேயே கல்லாகிப் போன சிப்பியும் நத்தையும் கிடைக்கின்றன. கடல் மட்டும் போய்விட்டது. நமது பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் கப்பலை நேரில் கண்டதில்லை. ஆனால் அவர்களில் எத்தனை பேருடைய தகப்பனார்கள் சிங்கப்பூரிலும், மலேசியாவிலும், வளைகுடா நாடுகளிலும் இருக்கிறார்கள் என்று ஒரு நாள் வகுப்பில் கையைத் தூக்கச் சொன்னோம். தூக்கிய கைகளைக் கண்டு, ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது. அந்தக் கைகளுக்காகவே இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தோம் என்பதை மறைப்பானேன்?

நமது சக உபாத்தியாயர் ஒருவருக்கு இந்த ஏற்பாடு கொஞ்சமும் பிடிக்கவில்லை. அவர் சரித்திரம் கற்பிப்பவர், தேசபக்தர், நமக்கு மூத்தவர். "நம் தேசத்துப் பெரியவர்கள் கதை எத்தனையோ இருக்க, தொப்பியும் பிரம்பும் வைத்துக்கொண்டு விழுந்து எழுந்திருக்கிற வெள்ளைக்காரக் கோமாளி எதற்கு, சார்?" என்றார். நாம் பதில் சொல்லவில்லை. பதில் கைவசம் இல்லை என்பதுதான் உண்மை. இருந்தாலும் அவரும் வந்து, வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஊமைப் படக் காலத்தில் நம் ஊர்க் கொட்டகைகளில், திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு படத்தில் வரும் எழுத்துக்களைப் படித்துக் கதை சொல்வது வழக்கம். தென்னாட்டில் அந்த வழக்கம் ஊர் ஊராகப் பரவியதற்குத் திருச்சிராப்பள்ளியே ஒரு முக்கியமான துவக்கம். 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் படக் கருவியுடன் திருச்சிக்கு வந்தார். அங்கே ரெயில்வேயில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் அந்தக் கருவியையும் படச் சுருள்களையும் விலைக்கு வாங்கிக்கொண்டு, வேலையை உதறிவிட்டு, கூடாரம் அடித்துப் படம் காட்டக் கிளம்பிவிட்டார். கடைசியில் 1914-இல் கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான கொட்டகையைக் கட்டினார். பெரம்பலூரும் அரியலூரும் அப்போது திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்தவை. 1995-இல் தான் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் அதிலிருந்து பிரிந்து, சேர்ந்து, மறுபடி 2007-இல் பிரிந்தது. ஆகவே, பழைய ஜில்லாவின் பாத்தியதையை முன்னிட்டு நாமும் ஒரு பிரம்பை எடுத்துக்கொண்டு, திரைக்கு அருகில் கதை சொல்லத் தயாராக நின்றோம்.

பிரம்புக்கு வேலை வரவில்லை.

படம் நடுக்கடலில் துவங்குகிறது. அலைகளின் மேல் ஒரு பழைய கப்பல். தளம் நிறைய ஏழை ஜனங்கள்; கிழவிகள், கைக்குழந்தைகள், மூட்டைகள். கப்பல் இப்படியும் அப்படியும் சாய்கிறது. ஜனங்கள் குமட்டலில் துவண்டு கிடக்கிறார்கள். சார்லி நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கப்பலின் விளிம்புக்கு வெளியே தலையைத் தொங்கவிட்டு, உடம்பெல்லாம் குலுங்கத் துடித்துக்கொண்டிருக்கிறான். பாவம், இவனுக்கும் வாந்தி போலிருக்கிறது என்று நாம் இரக்கப்படும் நேரத்தில் நிமிர்ந்து திரும்புகிறான். கையில் தூண்டில் கயிறு. கயிற்றின் நுனியில் ஒரு மீன்!

'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்பார்களே, வேஷ்டி எம்மாத்திரம்? காற்று உள்ளே புகுந்து, கப்பல் சாயும்போதெல்லாம் திரையும் கூடச் சேர்ந்து உப்பிற்று. முன் வரிசைக் குழந்தைகள் தாங்களும் கப்பலில் இருப்பதாகவே எண்ணிக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்தார்கள். படம் எடுத்தபோது சாப்ளின் செய்த உபாயமும் ஏறக்குறைய இதுதான். படக் கருவியை ஊசல் போல ஆட விட்டும், கப்பலின் சாப்பாட்டு அறையை ஆடுகிற அடித்தளத்தின் மேல் அமைத்தும் கடல் கொந்தளிப்பை உண்டாக்கினார்கள். சாப்பாட்டு அறைக் காட்சியில் மேஜையின் இரு பக்கத்திலும் இரண்டு பேர். நடுவில் ஒரே ஒரு கிண்ணம். கப்பல் இந்தப் பக்கம் சாய்ந்தால் கிண்ணம் சார்லியிடம் வழுக்கி வருகிறது, ஒரு கரண்டி. அந்தப் பக்கம் சாய்ந்தால் எதிராளியிடம் போகிறது. அவனுக்கு ஒரு கரண்டி. இதைவிடச் சரியாகப் பங்கிட்ட பந்தியை நாம் எந்தக் கல்யாண வீட்டிலும் கண்டதில்லை.

மீன் காட்சியில் நடந்த ஒரு விஷயத்தை இங்கே குறிப்பிட வேண்டும். அறுபது பிள்ளைகளும் சிரிப்பதற்கு ஒரு கணம் முன்னதாகவே, கடைசி வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு எழுந்தது. சிரித்தவன் ஆறாம் வகுப்புப் பையன். அவனுடைய தகப்பனார் ஒடிஷாவிலிருந்து இங்கே கட்டட வேலைக்கு வந்தவர். ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தது முதல் அந்தப் பையன் வாய் திறந்து நாம் கேட்டதில்லை. தமிழ் தெரியாது, நமக்கோ ஒரியா தெரியாது. சுவரோரத்துப் பெஞ்சில், சுவருக்குள் புகுந்துகொள்ளப் போகிறவன் போல ஒண்டி உட்கார்ந்திருப்பான். மற்றவர்கள் சார்லியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவன் மட்டும் கையைக் கவனித்திருக்கிறான். பேச்சுப் புரியாத ஊரில் இருப்பவனுக்குக் கைகளைக் கவனிக்கும் பழக்கம் வந்துவிடுகிறது போலும்.

கதை மேலே போகிறது. கப்பலில் ஒரு தாயும் மகளும். தாய் தூங்கும்போது ஒரு சூதாடி அவளுடைய பணத்தைத் திருடிவிடுகிறான். அந்தப் பணத்தையே சீட்டாட்டத்தில் சார்லியிடம் தோற்கிறான். பணம் யாருடையது என்று அறியாமலே, அழுது நிற்கும் அந்தப் பெண்ணின் பைக்குள் சார்லி தான் ஜயித்ததையெல்லாம் நுழைத்து விடுகிறான். நுழைத்தவன் ஒரு நிமிஷம் யோசிக்கிறான். தனக்கும் வயிறு ஒன்று இருப்பது நினைவு வருகிறது. மறுபடி கையை விட்டு ஒன்றிரண்டு நோட்டுக்களை மட்டும் எடுத்துக்கொள்கிறான். கர்ணனைப் போல அள்ளிக் கொடுப்பவர்களைப் பற்றி நமக்குக் கதைகள் உண்டு. கொடுத்துவிட்டுப் பஸ் சார்ஜுக்குத் திரும்பக் கேட்கும் கர்ணனை நாம் இங்கேதான் கண்டோம். ஏழையின் தருமம் இப்படித்தான் இருக்க முடியும் என்பது, ஏழையாக இருந்தவனுக்குத்தான் தெரியும். சாப்ளின் 1889-இல் லண்டனில் பிறந்து, ஏழு வயதிலேயே ஏழைகள் விடுதியில் தள்ளப்பட்டவர். தாயார் சித்தம் கலங்கி ஆஸ்பத்திரிக்குப் போனதைக் கண்டவர். 1910-இல் ஒரு நாடகக் கோஷ்டியுடன் கப்பலேறி அமெரிக்கா சேர்ந்தவர். இந்தப் படம் எடுத்த காலத்தில் மியூச்சுவல் என்ற கம்பெனி அவருக்கு வாரம் பத்தாயிரம் டாலர் கொடுத்து வந்தது. அந்தக் கம்பெனிக்காக எடுத்த பன்னிரண்டு குறும்படங்களில் இது பதினோராவது. பணம் வந்த பிறகும் பழைய பசி மறக்காமல் இருந்தது நம்முடைய பாக்கியம்.

பிறகு வருகிறது, நாம் காத்திருந்த காட்சி. 'சுதந்திரத்தின் நாட்டை அடைகிறார்கள்' என்பது போல ஓர் எழுத்து. நியூயார்க் துறைமுகத்துச் சுதந்திர தேவியின் சிலை தூரத்தில் தெரிகிறது. ஜனங்கள் எல்லோரும் எழுந்து நின்று, மெய்ம்மறந்து பார்க்கிறார்கள். அடுத்த கணம் கப்பல் சிப்பந்திகள் ஒரு நீளமான கயிற்றைக் கொண்டுவந்து, அத்தனை பேரையும் மாட்டு மந்தையைப் போல ஓரமாக வளைத்துக் கட்டுகிறார்கள். சார்லி கயிற்றைப் பார்க்கிறான். மறுபடி சிலை இருந்த திசையைப் பார்க்கிறான். அவ்வளவுதான். ஒரு வார்த்தை இல்லை. சற்றுப் பொறுத்து, அதிகாரி ஒருவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து அவருடைய பின்புறத்தில் ஓர் உதை விடுகிறான்.

உதைக்குப் பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். கயிற்றுக்கு யாரும் சிரிக்கவில்லை. பின்னால் நின்றுகொண்டிருந்த ஒரு பெரியவர் மெள்ள முன்னே வந்து நம் பக்கத்தில் நின்றார். எண்பது வயது கடந்தவர். "அந்தக் கயிறு இருக்கே, வாத்தியாரையா, அது எங்களுக்கும் கட்டுனாங்க" என்றார்.

அவர் எட்டு வயதுச் சிறுவனாகத் தகப்பனாரின் கையைப் பிடித்துக்கொண்டு நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' கப்பல் ஏறியவர். ரஜுலா என்ற பெயரைக் கேட்டாலே நமது பழைய ஜில்லாவின் கிழவர்களுக்குக் கண் மாறிவிடும். 1926-இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட அந்தக் கப்பல், ஏறக்குறைய ஐம்பது வருஷ காலம் சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே போய் வந்தது. ஆரம்பத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பிரயாணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. தளப் பிரயாணி என்றால், அறையும் கட்டிலும் இல்லாமல், கொண்டுவந்த பாயைத் தளத்தில் விரித்துக் கிடப்பவன். "பினாங்கில் என்னதான் செய்தார்கள், ஐயா?" என்று கேட்டோம். "என்ன செய்வாங்க? நிக்க வெச்சாங்க. அப்பாரு வேட்டியில் முடிஞ்சு வெச்சிருந்த காயிதத்தைத் தேடுறாரு, தேடுறாரு, கை நடுங்குது. எங்க அப்பாருக்குக் கை நடுங்கி நான் அதுக்கு முன்னே பார்த்ததில்லை" என்றார். பிறகு படத்தைப் பார்க்கத் துவங்கிவிட்டார். கெடாவில் சுங்கைப் பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டி, பிரஜா உரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பத்திரம் வேண்டும் என்று 1968-இல் அங்கே சட்டம் வந்த பிறகு, ஆயிரக்கணக்கானவர்களோடு அவரும் ஊர் திரும்பினார்.

கெடா என்பது எது என்று நேயர்களுக்கு நினைவூட்ட வேண்டுமா? நமது அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து அரசாண்ட இராசேந்திர சோழன், ஏறக்குறைய 1025-இல் கப்பற்படை அனுப்பி வென்ற கடாரம்தான் அது. நம் வரலாற்றுப் புத்தகத்தில் கடாரம் ஒரு பாராவில் வந்து போகிறது. படை எடுத்துப் போனவர்களின் சந்ததியார் தொள்ளாயிரம் வருஷம் கழித்து அதே கரையில் கயிற்றுக்குள் நின்ற விஷயம் அந்தப் பாராவில் இல்லை. திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சை, தென்னாற்காடு ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். இலங்கைக்குப் போனவர்களுக்கு மண்டபத்தில் முகாம். மலாய்க்குப் போனவர்களுக்கு நாகையில் கொட்டடி. மலாயாவுக்கு இப்படிக் கூலியாட்களை அனுப்புவதை இந்திய சர்க்கார் தடுத்தது 1938-இல் தான்.

படம் வந்த 1917-ஆம் வருஷமே ஒரு விசித்திரமான வருஷம். பிப்ரவரி 5-ந் தேதி அமெரிக்கக் காங்கிரஸ், ஜனாதிபதி வில்ஸன் மறுத்ததையும் மீறி, ஒரு குடியேற்றச் சட்டத்தை நிறைவேற்றிற்று. எழுத்து வாசனை இல்லாதவர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. இந்தியா உட்பட ஆசியாவின் பெரும் பகுதிக்கு அது அடியோடு சாத்தப்பட்டது. அடுத்த மாதம், மார்ச்சில், நம் நாட்டில் தேசத் தலைவர்களின் இடைவிடாத கிளர்ச்சியின் பயனாக, பிஜி முதலிய தீவுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. ஜூனில் இந்தப் படம் வெளிவந்தது. ஆகவே, சார்லி ஏறிய கப்பலில் நம் பெரியவரின் பாட்டனார் ஏறியிருக்க முடியாது. அந்தச் சிலையைப் பார்க்கக்கூட அவரை விட்டிருக்க மாட்டார்கள். கயிற்றுக்குள் நிற்பதற்கே ஒரு தகுதி வேண்டியிருந்தது!

கப்பல் கதை அத்துடன் முடிந்து, படத்தின் மறுபாதி ஒரு மலிவான ஓட்டலில் நடக்கிறது. காசும் இல்லாமல் வேலையும் இல்லாமல் பட்டினியோடு திரியும் சார்லி, நடைபாதையில் ஒரு நாணயத்தைக் கண்டெடுத்துப் பையில் போடுகிறான். பையில் ஓட்டை. நாணயம் கீழே விழுந்ததை அறியாமல், ராஜகம்பீரத்துடன் உள்ளே போய்த் தொப்பியைக் கழற்றாமல் உட்காருகிறான். பரிமாறுகிறவன் ஒரு பூதம். எரிக் காம்பெல் என்ற ஆறடிக்கு மேற்பட்ட நடிகர். அந்த வருஷம் டிசம்பரிலேயே ஒரு மோட்டார் விபத்தில் இறந்து போனார். அந்தப் பூதம், தொப்பியை எடு என்று சைகை காட்டுகிறது. சார்லி எடுக்கிறான்; மறுபடி வைத்துக்கொள்கிறான். பூதம் தட்டி விடுகிறது. மறுபடி வைக்கிறான்.

சார்லி தருவித்துக்கொள்வது ஒரு தட்டுப் பீன்ஸ். நம் ஊர் மொச்சைக் கொட்டை வகை. அதைக் கத்தியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தின்கிறான். சட்டென்று எதிர் மேஜையில் கப்பலில் கண்ட அந்தப் பெண்ணைப் பார்க்கிறான். சந்தோஷம் தாங்காமல் அழைத்து எதிரே உட்கார்த்துகிறான். பேசிக்கொண்டே இருக்கையில் அவள் கையிலுள்ள கைக்குட்டை கண்ணில் படுகிறது. அதற்குக் கறுப்புக் கரை. அந்நாட்டில் அது துக்கத்தின் அடையாளம். தாயார் காலமாகிவிட்டாள். ஆஸ்பத்திரி, கல்லறை, அழுகை ஒன்றையும் காட்டாமல் ஒரு முழத் துணியின் ஓரத்தில் ஒரு மரணத்தைச் சொல்லிவிட்டார் அந்த மனிதர். நமது இன்றைய படங்களில் ஒரு தாயார் இறப்பதற்கு ஆகும் நேரத்தை நினைத்துப் பெருமூச்சு விட்டோம்.

இதற்கிடையில், பில்லுக்குப் பத்து சென்ட் குறைந்த ஒருவனைச் சிப்பந்திகள் எல்லோரும் கூடி அடித்து நொறுக்குகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டே சார்லியின் கை தன் பையைத் துழாவுகிறது. ஓட்டை வழியாக விரல்தான் வெளியே வருகிறது. இங்கே பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். நமக்கோ வயிற்றில் பழைய கலக்கம் ஒன்று எழுந்தது. திருச்சியில் கலாசாலையில் படித்த நாட்களில், ஓர் ஓட்டலில் இரண்டு தோசை தின்றுவிட்டு, பையில் மூன்று ரூபாய் குறைவதைக் கண்டு, கை கழுவும் இடத்தில் கால் மணி நேரம் கை கழுவினவர்கள் நாம். கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்து ஒரு தடவை பார்த்துவிட்டு, "போப்பா, அடுத்த தடவை குடு" என்றார். அடுத்த தடவை கொடுத்தோமா என்று நேயர்கள் கேட்காதிருக்கும்படி வேண்டுகிறோம்.

சார்லி அந்த நாணயத்தைத் திரும்பப் பிடிப்பதும், பூதம் அதைப் பல்லால் கடித்து வளைத்துக் கள்ள நாணயம் என்று காட்டுவதும், பக்கத்து மேஜைச் சித்திரக்காரர் ஒருவர் "நான் கொடுக்கிறேன்" என்று முன்வரும்போது மரியாதைக்காக வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போய், அவர் ஒரேயடியாகச் "சரி" என்று விட்டுவிடுவதும் கண்ணால் பார்க்க வேண்டியவை. உபசாரத்தில் ஒரு தடவை கூடுதலாக 'வேண்டாம்' சொல்லிவிட்டுப் பட்டினி கிடந்த அனுபவம் தமிழர்களாகிய நமக்கு விளக்கப்பட வேண்டியதன்று. கடைசியில், சித்திரக்காரர் தட்டில் விட்டுச் சென்ற சில்லறையைத் தந்திரமாகத் தன் பில்லுக்கு நகர்த்தித் தப்பிக்கிறான். அவர் இருவருக்கும் வேலை கொடுக்கிறார். கொட்டும் மழையில், விவாகப் பதிவு அலுவலகத்து வாசலில் படம் முடிகிறது.

இந்தப் படம் எடுக்கப்பட்ட விதம் நெடுநாள் யாருக்கும் தெரியாது. சாப்ளின் கழித்துப் போட்ட படச் சுருள்களை ஆராய்ந்து, கெவின் பிரவுன்லோ, டேவிட் கில் என்ற இருவர் 1983-இல் ஒரு தொலைக்காட்சித் தொடர் எடுத்தார்கள். அதிலிருந்து தெரியவந்த விஷயம் இது: சாப்ளின் முதலில் எடுத்தது ஓட்டல் காட்சியைத்தான். அப்போது கப்பலும் இல்லை, கயிறும் இல்லை, குடியேற்றமும் இல்லை. காசில்லாத ஒருவன் ஓட்டலில் தின்றுவிட்டுத் தவிக்கும் வேடிக்கை மட்டுமே இருந்தது. திரும்பத் திரும்ப எடுத்தார்கள். அந்தப் பெண்ணாக நடித்த எட்னா பர்வையன்ஸ், பீன்ஸ் தின்று தின்று உடம்புக்கே வந்துவிட்டது என்பார்கள். எடுத்துக்கொண்டே இருக்கையில்தான், இந்த இருவரும் யார், இந்த மேஜைக்கு எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்வி சாப்ளினுக்குள் எழுந்திருக்கிறது. அதற்கு விடையாகக் கப்பலைப் பின்னால் எடுத்து முன்னால் சேர்த்தார். இந்தச் செய்தியைப் படித்த நாள் முதல் நமக்கு ஓட்டலில் நிம்மதியாகச் சாப்பிட முடிவதில்லை.

ஏனென்றால், அரியலூர் பஸ் ஸ்டாண்டு அருகில் நாம் வழக்கமாகச் சாப்பிடும் கடையில் மேஜை துடைப்பவன் வடக்கிலிருந்து வந்த ஓர் இளைஞன். "தண்ணி" என்பதை அவன் சொல்லும் விதத்தைக் கேட்டு வாடிக்கைக்காரர்கள் சிரிப்பார்கள். நாமும் சிரித்திருக்கிறோம். இரண்டு வருஷமாக அவன் கையால் இலை எடுக்கவைத்தும், எந்த ஜில்லா, எந்த ரெயில், அம்மா இருக்கிறாளா என்று ஒரு நாள் கேட்டதில்லை. சிங்கப்பூரில் நம் ஊர்ப் பிள்ளையின் ஆங்கிலத்தைக் கேட்டு யாரோ இப்படித்தான் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அவனும் இரவில் செல்போனில் வீட்டைக் கூப்பிட்டு, "சௌக்கியமா இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருப்பான். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, படம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் உட்கார்ந்திருந்தாள். "என்னம்மா?" என்றோம். "சார், எங்கப்பா துபாயில் இறங்கினப்போ கயிறு கட்டியிருப்பாங்களா?" என்று கேட்டாள். இப்போதெல்லாம் விமானத்தில்தானே போகிறார்கள், கயிறெல்லாம் கிடையாது என்றோம். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. "இன்னிக்குக் கேக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை நாம் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தபோது, சரித்திர உபாத்தியாயர் நமக்காகக் காத்திருந்தார். "அந்தத் தொப்பியைப் பார்த்தீரா?" என்றார். பிறகு மூன்றாவது பீரியட் எட்டாம் வகுப்பில் அவர் நடத்திய பாடத்தை நாம் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டோம். பாடத்திட்டத்தில் அன்றைக்கு இருந்தது வேறு. அவர் சொன்னது 1894-இல் டர்பன் நகரில் நடந்தது. எஜமானன் அடித்துப் பல் உடைந்து ரத்தம் வடிய, பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தக் கூலி, புதிதாக வந்திருந்த இளம் வக்கீல் காந்தியிடம் வந்தான். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தான். வெள்ளைக்காரர் முன்னால் கூலிகள் அப்படித்தான் நிற்க வேண்டும்; காந்தியின் முன்னாலும் அப்படியே நின்றான். தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளும்படி காந்தி சொன்னார். அவன் தயங்கித் தயங்கிக் கட்டிக்கொண்டான். ஆனாலும் அவன் முகத்தில் மகிழ்ச்சியைக் கண்டதாக மகாத்மா தம் சுயசரிதத்தில் எழுதியிருக்கிறார். "ஒரு ஓட்டல் பூதம் தட்டி விட்ட தொப்பியை அந்தக் கோமாளி எத்தனை தடவை எடுத்து வைத்துக்கொண்டான், சொல்லுங்கள்!" என்று உபாத்தியாயர் கேட்க, வகுப்பில் எண்ணிக்கை பற்றிப் பெரிய சண்டை மூண்டது.

அவர் சொல்லாமல் விட்டதை நாம் மத்தியானச் சாப்பாட்டின்போது சொன்னோம். 1931-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி, வட்டமேஜை மகாநாட்டுக்குப் போயிருந்த மகாத்மாவும் சாப்ளினும், லண்டனில் கானிங் டவுன் என்ற ஏழை மக்கள் பகுதியில், டாக்டர் கதியால் என்ற இந்திய வைத்தியரின் வீட்டில் சந்தித்தார்கள். மகாத்மா சாப்ளினின் படம் ஒன்றும் பார்த்தவரல்லர். யந்திரங்களை ஏன் வெறுக்கிறீர்கள் என்று சாப்ளின் கேட்டார். யந்திரம்தான் முன்பு எங்களை இங்கிலாந்துக்கு அடிமையாக்கிற்று, ஆகவே எங்கள் துணியை நாங்களே நூற்கிறோம் என்ற கருத்தில் மகாத்மா விடை சொன்னார். சாப்ளின் இதைத் தம் சுயசரிதத்தில் மரியாதையுடன் நினைவுகூர்கிறார். அவரையும் பிறகு அமெரிக்கா கயிற்றுக்கு வெளியே நிறுத்திற்று. 1952-இல் அவர் லண்டனுக்குக் கப்பலேறியவுடன், திரும்பி வரும் அனுமதியை ரத்து செய்தார்கள். மறுபடி அவர் அந்த மண்ணை மிதித்தது 1972-இல், எண்பத்து மூன்றாவது வயதை நெருங்கும்போது. இதைக் கேட்டதும் சரித்திர உபாத்தியாயர் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, "அடுத்த மாதம் எந்தப் படம்?" என்றார்.

வேஷ்டியைப் பற்றி: நான்கு மூலைகளிலும் ஆணி கிழித்துவிட்டது. வீட்டில் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். இனி அது திரைச் சீலைதான், வேறொன்றுக்கும் உதவாது என்று தீர்ப்பாகிவிட்டது.

அந்த வாரத்திலேயே ஒரு நாள், இடைவேளை மணி அடித்த பிறகு, ஒடிஷாப் பையன் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை. ஒரு கையைக் கதவு நிலையில் வைத்துக்கொண்டு, முதுகை நமக்குக் காட்டியபடி குனிந்து, உடம்பைக் குலுக்கினான். பிறகு சட்டென்று திரும்பினான். கையில் ஒரு நூல். நூலின் நுனியில் நோட்டுக் காகிதத்தில் கத்தரித்த ஒரு மீன்.

"மீன்" என்றான்.

'ன்' கொஞ்சம் பிசகாகத்தான் இருந்தது.